பொன்னாடையோடு போன வாக்கு

உங்களை வாழ்த்துவதற்காக நான் இதை எழுதவில்லை. நகரசபைக்குத் தெரிவான தங்கச்சிக்கும், நீதிமன்றப் பட்டியலில் பெயர் வந்த தம்பிமாருக்கும் வாழ்த்து தேவைக்கு மேலேயே கிடைத்துவிட்டது. முகநூலில் படங்களைப் பார்த்தேன். இன்னும் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை, அதற்குள் கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு சங்கத் தலைவர்கள். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

நான் அந்த இரண்டு கதிரையிலும் இருந்தவன். டென்மார்க்கில் கோல்டிங்குக்குக் கிட்ட ஒரு சின்ன நகரம், பெயர் வேண்டாம். கதவு, யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன், அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியானேன், பிறகு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து கேக் தின்று, கோப்பி குடித்து, என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். என் திறமையைக் கண்டு வந்தார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் எங்கள் ஆட்களின் வாக்கைக் கண்டு வந்தார்கள். அந்த வாக்குகள் என்னைக் கட்சிப் பட்டியலில் மேலே தூக்கிவிட்டன. எனக்கு முன்னால் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கீழே இறங்கி, யாராவது வராதபோது மட்டும் வந்து இருக்கும் பதில் உறுப்பினராகப் போனார். நல்ல மனிதர். அன்றைக்கே வந்து கைகொடுத்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னரே நான் டொம்ஸ்மன். சட்டம் படிக்காத இரண்டு குடிமக்கள் நீதிபதிக்கு இரண்டு பக்கமும் இருந்து, நீதிபதியின் வாக்குக்குச் சமமான வாக்கோடு ஒருவனைக் குற்றவாளியா இல்லையா என்று முடிவெடுப்பது. ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். என் மனைவியே நம்பவில்லை. "உங்களைப் போய் நீதவானா விட்டிருக்கிறாங்களே, டென்மார்க் உருப்பட்ட மாதிரித்தான்" என்றாள். உள்ளே எப்படி வாக்களித்தோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது. "எனக்குக்கூடச் சொல்லமாட்டியளோ?" என்று மாதக்கணக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

என்னோடு இருந்த நீதிபதி ஒரு வயதான அம்மா. அதிகம் பேசமாட்டார். வழக்கு தொடங்குமுன் பின்னறையில் எங்களுக்குத் தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தருவார். ஊற்றிக்கொண்டே குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரையும் சாட்சிகளின் பெயர்களையும் வாசிப்பார். "யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார். ஒருநாள் வாசித்த பெயர் ஒரு தமிழ்ப் பெயர். உணவகத்துக்கு வெளியே ஒருவனைப் போத்தலால் அடித்த வழக்கு. பொடியனை எனக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய அண்ணனின் கலியாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன்.

அதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று யோசித்தேன். எங்கள் நகரத்தில் யாருடைய கலியாணத்தில் யார்தான் சாப்பிடவில்லை? இருந்தாலும் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "இன்றைய தீர்ப்புக்குப் பிறகு அவனுடைய தாய் உங்கள் வீட்டுக்கு வருவாரா?" என்று கேட்டார்.

"விட்டாலும் வருவார், உள்ளே போட்டாலும் வருவார்" என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்களை நான் நம்பாததால் அல்ல. அந்தப் பையனுக்கும் அடிவாங்கியவனுக்கும் சந்தேகமில்லாத ஒரு தீர்ப்பு வேண்டும் என்பதால்." கதவுவரை வந்து ஒன்று சொன்னார்: "மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். எப்போதும் நீங்களே முதலில் சொல்லுங்கள்."

வேறொருவர் என் கதிரையில் இருந்தார். பொடியன் உள்ளே போனான். அடுத்த கிழமை தமிழ்க் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தாய் என் முன்னால் வந்து நின்றார். "அண்ணை, நீங்கள் இருந்திருந்தா என்ரை பிள்ளை வெளியில வந்திருப்பான். எங்கடை ஆள் ஒராள் அங்கை இருந்தும் எழும்பிப் போயிட்டியள்" என்றார். கடை முழுக்கக் கேட்டது. நான் வெண்டைக்காயை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அது ஒரு சின்ன அவமானம், பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பிறகு வந்தது. அதற்குப் பவளமக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பவளமக்கா எங்கள் நகரத்து முதியோர் இல்லத்தில் எத்தனையோ வருடம் வேலை செய்தவர். டெனிஷ் கிழவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர். டெனிஷ் பாஷையில் பகிடி விடுவதில் அவவை அடிக்க ஆளில்லை. எங்களில் பலர் கொம்யூனுக்கு, அதுதான் நகரசபை அலுவலகத்துக்கு, போனால் அவவைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். ஓய்வுபெற்றுச் சில காலத்தில் மறதி நோய் வந்தது. அந்த நோய் முதலில் தின்றது டெனிஷை. பிந்திப் படித்தது முந்திப் போகும் என்று டொக்டர் சொன்னாராம். கடைசியில் தான் வேலை செய்த அதே இல்லத்தில், தான் விரிப்பு மாற்றிய அதே நடைபாதையில் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை. காலையில் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்திருப்பவரின் போர்வையை இழுத்து மடிக்கத் தொடங்குவார். பணியாளர் ஓடிவந்து இருத்துவார்கள். "விடுங்கோ பிள்ளை, வேலைக்கு நேரமாகுது, சுப்பவைசர் ஏசுவா" என்பார். அவர்களுக்கு அது வெறும் சத்தம். மகள் நிலானிக்கு ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை, சனி ஞாயிறு பகலில்தான் வருவாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "மாமா, அம்மா சின்ன வயசுக் கதை சொல்லேக்கை எனக்குப் பாதி விளங்குதில்லை. என்ரை தமிழ் பத்தாது" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை டெனிஷில் சொல்லி அழுதாள்.

அவவைப் போல இன்னும் சிலர் எங்கள் நகரத்தில் இருந்தார்கள், இன்னும் பலர் வரப்போகிறார்கள். அதனால் சபையில் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். இல்லத்தில் ஒரு மூலையைத் தமிழ் முதியோருக்கு ஒதுக்குவது. எப்போதும் தமிழ் தெரிந்த ஒரு பணியாளராவது அங்கே நிற்பது. பின்னேரங்களில் எங்கள் முதியோர் சங்கம் கொம்யூனின் உதவியோடு வந்து கதைப்பது, பாடுவது. அவ்வளவுதான். சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. என் வாக்கைச் சேர்த்தால் ஒரு வாக்கு வித்தியாசத்தில் வெல்லும். எங்கள் ஆட்களுக்கும் அது தெரியும். தெரிந்ததுதான் வினை.

வாக்கெடுப்புக்கு முந்திய வாரம் அதே சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் பொங்கல் விழாவும் பாடசாலை மண்டபத்தில் நடந்தன. சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று போனேன். பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனால் பொன்னாடை. சரி, அது எங்கள் வழக்கம், அதோடு விட்டால் பரவாயில்லை. சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். அந்த மனிசனுக்கு மைக் கிடைத்தால் கை விடாது.

"எங்களுக்காகச் சபையில குரல் குடுக்கிற அண்ணையை இண்டையிலயிருந்து எங்கடை சங்கத்தின்ரை காப்பாளராயும் நிர்வாகசபை உறுப்பினராயும் இந்தப் பொதுக்கூட்டம் தெரிவு செய்யுது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினேன். "வேண்டாம், வேண்டாம், இது சரிவராது" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. வேண்டாம் என்று சொல்வதுதானே எங்கள் பண்பு? கலியாண வீட்டில் இரண்டாம் முறை சோறு போட வந்தாலும் வேண்டாம் என்கிறோம், போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தலைவர் என் கையை இறுக்கிப் பிடித்து மைக்கில் சொன்னார்: "பாருங்கோ சபையோரே, அண்ணையின்ரை தன்னடக்கத்தை!"

எனக்கு அவரைக் கன்னத்தில் அறையவேண்டும் போலிருந்தது. பிரேரணையில் சம்பந்தப்பட்ட சங்கத்தின் நிர்வாகத்தில் இருப்பவன் அந்தப் பிரேரணைக்கு வாக்களிக்க முடியாது. இன்ஹபில் என்பார்கள். கதை முடிந்தது, எழுந்து வெளியே போகவேண்டும். மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் இதைத் தலைவருக்கு விளக்கினேன். மனிசனின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ அண்ணை, நாங்கள் ஒரு மரியாதைக்குச் செய்தது. இப்ப என்ன செய்யிறது?"

"என்ரை பேரை எடுங்கோ. இப்பவே போய்ச் சொல்லுங்கோ."

"பொதுக்கூட்டத் தீர்மானம் அண்ணை, மேடையில வைச்சு எடுத்தா சனம் என்ன நினைக்கும்? விடுங்கோ. நடந்தது முழுக்கத் தமிழில. வெள்ளைக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டம்."

அன்று பின்னேரமே விலகல் கடிதம் கொடுத்தேன். திங்கட்கிழமை கட்சிக் குழுத் தலைவரிடம் போனேன். அவர் சங்கத் தலைவரைவிடப் படித்தவர், ஆனால் சொன்னது ஒரே விடயம். "நீ விலகிவிட்டாய். அதற்கு முன் நடந்தது எங்களுக்கு எதற்கு? இதைப் பற்றி யாரிடமும் கேட்காதே. கேட்டால் பதில் வரும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகள். உங்கள் வேலை முழுவதும் இந்த இடம்தான். மற்றதெல்லாம் கோப்பியும் கேக்கும். ஒரு பக்கம் பவளமக்கா. வாயை மூடிக்கொண்டு கையை உயர்த்தினால் அவவுக்குத் தமிழ் கதைக்கும் ஆள் கிடைக்கும். மறுபக்கம் ஒரு மண்டபம் நிறைந்த சனத்தின் வாயை நம்பவேண்டும். எங்கள் சனத்தின் வாயை! சங்கத் தலைவரே பொன்னாடை போர்த்திய படத்தை எங்கேயோ போட்டிருப்பார். பிறகு வெளியே வந்தால் தீர்மானம் செல்லாமல் போகும். அது மட்டுமா, உங்களைப் போல அடுத்து நிற்கப்போகிற ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் பார்த்து, "இவர்கள் தங்களுக்குத் தாங்களே வாக்குப் போடுபவர்கள்" என்று சொல்வார்கள். அக்காவுக்குக் கிடைத்ததையும் பிடுங்குவார்கள்.

கொம்யூனின் சட்ட அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். சங்கம் பகிரங்கமாக என்னைத் தன் ஆளாக அறிவித்தபின், அன்றைக்கே விலகியதும் போதாது என்பது அவர் கருத்து. முடிவெடுப்பது சபை. நான் வெளியே போனால், கட்சியில் யாராவது கேட்டால், பதில் உறுப்பினரைக் கூப்பிடலாம். ஒரு விடயம் அழுத்திச் சொன்னார்: "அவரிடம் இதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் பேசக் கூடாது."

பதில் உறுப்பினர் யார்? எங்கள் வாக்கால் கீழே இறங்கிய அந்த ஆசிரியர்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்த ஆசிரியரின் தாய் அதே இல்லத்தில்தான் காலமானவர். கடைசி மாதங்களில் பார்த்தது பவளமக்கா. செத்தவீட்டுக்கு அக்கா பூக்கொத்தோடு போனபோது ஆசிரியர் அவவைக் கட்டிப்பிடித்து அழுததை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அக்காவை மறப்பாரா? அவரைத் தெருவில் கண்டபோது சைக்கிளை விட்டு இறங்கி ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்ல வாய் துடித்தது. கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனேன்.

கூட்ட நாள் வந்தது. என் விடயத்தைச் சபைக்குச் சொன்னேன். இன்ஹபில் என்று முடிவெடுத்தார்கள். எழுந்தேன். ஆசிரியர் வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். வெளியே கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், பழைய நகரபிதாக்களின் படங்களுக்குக் கீழே நின்றேன். கதவு தடிப்பானது, உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர் ஆசிரியர்தான். கண் சிவந்திருந்தது. நேரே வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"நான் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் பேசினேன்" என்றார். "பவளம் எங்களில் ஒருத்தி. என் அம்மாவின் கண்ணை மூடியவள். அவளை எங்களிடமிருந்து பிரித்து ஒரு மூலையில் வைப்பதற்கு என்னால் கை உயர்த்த முடியவில்லை. அவள் எங்கள் நடுவில்தான் இருக்கவேண்டும். நீ புரிந்துகொள்வாய்."

நடிப்பில்லை. அந்த மனிதர் மனதார அதை நம்பினார். அதுதான் கொடுமை. கள்ளனென்றால் திட்டிவிட்டுப் போகலாம், அன்பாக வந்து கழுத்தை அறுப்பவனை என்ன செய்வது? ஒரு வாக்கால் தோற்றோம்.

உள்ளூர்ப் பத்திரிகை என் நேர்மையைப் பாராட்டி எழுதியது. குழுத் தலைவர், மறைக்கச் சொன்ன அதே மனிதர், அதை வெட்டிக் கட்சி அலுவலகத்தில் ஒட்டினார். எங்கள் ஆட்கள் என்மேல் வேறு பெயரை ஒட்டினார்கள். "காட்டிக்குடுத்தவன்" என்றார்கள். "வெள்ளைக்காரனிட்டை நல்ல பேர் எடுக்கக் கிழவியைப் பலி குடுத்தவன்" என்றார்கள். சங்கத் தலைவர் ஒரு கூட்டத்தில், "நாங்கள் மரியாதை செய்தது பிழையோ?" என்று கேட்டு மைக்கில் அழுதாராம். எல்லோரும் அவருக்காகக் கவலைப்பட்டார்கள். அடுத்த தேர்தலில் எனக்கு வாக்கில்லை. ஆசிரியர் உள்ளே போனார், நான் வெளியே வந்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கதிரையில் இருக்கும்வரை ஒருவரிடமும் ஒரு மரியாதையும் வாங்காதீர்கள். கோபிப்பார்கள், கோபிக்கட்டும். மேடையில் ஏறாதீர்கள். ஏற்றினால் மைக்கைப் பறியுங்கள், அநாகரிகம் என்றாலும் பறியுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று உங்கள் சனத்துக்கு விளங்கும்வரை சொல்லுங்கள். நீதிபதி அம்மா சொன்னதுபோல நீங்களே முதலில் சொல்லுங்கள். இதெல்லாம் செய்தாலும் நிம்மதி கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தேர்தலிலும் தோற்ற பிறகு ஒருநாள் நிலானி ஓகூஸிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவள் மட்டும்தான் என்னைக் குறை சொல்லவில்லை. "மாமா, நான் பகலிலதானே வாறன். பின்னேரத்தில அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு ஒருக்காப் போய்ப் பாப்பியளோ?"

போனேன். நடைபாதையில் ஓர் இளம் பணியாளர், நல்ல பிள்ளை, விரலை உதட்டில் வைத்து என்னை நிறுத்தினாள். மெதுவான குரலில், "இது அவர் கும்பிடும் நேரம்" என்றாள். "ஒவ்வொரு பின்னேரமும் கையைக் கூப்பிக்கொண்டு சொல்லத் தொடங்கிவிடுவார். நாங்கள் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். படுக்கைக்கு ஆயத்தம் செய்யும்வரை ஒருவரும் குழப்புவதில்லை. அவருடைய சமயத்துக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது.

கதவைத் திறந்தேன். மங்கல் வெளிச்சத்தில் அக்கா கதிரையில் இருந்தார். இரண்டு கையும் கூப்பியபடி.

"புண்ணியமாப் போகும் பிள்ளை, இந்தச் சொக்ஸைக் கழட்டிவிடுங்கோ. கால் விறைச்சுப் போச்சு. தாங்கேலாமல் கிடக்கு. ஆராவது வாங்கோ பிள்ளை, கும்பிட்டுக் கேக்கிறன்."

இரத்த ஓட்டத்துக்காகப் போடும் இறுக்கமான காலுறை. கீழே முழந்தாளிட்டு அதைக் கழற்றினேன். முழங்காலுக்குக் கீழே சிவப்பாகத் தடித்து வளையமாகப் பதிந்திருந்தது. அக்கா பெருமூச்சு விட்டார். "மெல்ல, குதிக்காலைப் பிடிச்சுக் கழட்டவேணும். நீர் புதுசோ?" என்றார்.

"ஓம் அக்கா, புதுசு" என்றேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். கோடை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கதவைச் சாத்தியது அவள்தான்.

"யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே" என்று அழுதாள்.

"சொல்வதற்கு ஓர் ஆள் வைக்கத்தான் கேட்டோம் பிள்ளை. சபையில் வாக்கெடுப்பும் நடந்தது" என்றேன்.

"நீங்கள் சபையில் இருந்தவர்தானே? நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்?"

"நான் வெளியே நின்றேன்" என்றேன்.